தோசைக்கல் தின்ற கைரேகை

டல்லாஸ் புறநகர் ஒன்றில் சைவ உணவகம் நடத்தும் 54 வயது வாசகர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் நீளமானது, சாரம் இது.

இருபது ஆண்டுகளாகத் தோசைக்கல் முன் நிற்பவர். கிரீன் கார்டு இருக்கிறது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம். இரவு பதினொரு மணிக்குக் கடையடைத்து, அன்றைய வசூலுடன் தனியாகக் காருக்கு நடக்கிறார். பக்கத்துக் கடையில் ஒரு கொள்ளை நடந்ததிலிருந்து அவருடைய மனைவிக்குத் தூக்கமில்லை. முறைப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். டெக்சஸ் மாநிலத்தின் கைத்துப்பாக்கி உரிமத்துக்காக வகுப்பை முடித்து, 40 டாலர் கட்டி மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறையிடம் விண்ணப்பித்தார். கைரேகை நிராகரிக்கப்பட்டது. வேறொரு மையத்துக்குப் போய்ப் புதிதாகப் பணம் கட்டி மறுபடியும் விரல் வைத்தார். அதுவும் நிராகரிக்கப்பட்டு 40 நாளாகிறது.

“ரேகை சரியில்லை என்றால் என்மேல் ஏதோ சந்தேகம் என்று பொருளா? குடிவரவு அலுவலகத்தில் மூன்று முறை ரேகை கொடுத்திருக்கிறேனே, அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா? 60 நாளில் துறை பதில் சொல்லாவிட்டால் உரிமம் தானாக வந்துவிடும் என்கிறார் நண்பர். அதனால் பேசாமல் காத்திருக்கிறேன். இடையில் உப்புத்தாளால் விரலைத் தேய்த்துப் பார்க்கலாமா?” இவை அவருடைய கேள்விகள். கடைசிப் பத்தியில், கேள்வியாக அல்லாமல், போகிறபோக்கில் ஒரு வரி: “துப்பாக்கி இப்போது கல்லாப் பெட்டியின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. நான் இல்லாத மாலைகளில் எச்-1பி விசாவில் இருக்கும் என் அக்கா மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சாவி அவனிடமும் ஒன்று உண்டு.”

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விளக்கம் பிறகு வருகிறது. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்தச் சாவியை உங்கள் அக்கா மகனிடமிருந்து வாங்கிவிடுங்கள். துப்பாக்கியை வேறு பூட்டுக்கு மாற்றுங்கள். கைரேகைக்குச் சில நாள் பொறுக்கலாம். இதற்கு ஒரு மாலை கூடப் பொறுக்க முடியாது.

இனி உங்கள் விரல்களுக்கு வருவோம்.

விரல் தேய்வது குற்றமல்ல

நிராகரிப்புக் கடிதத்தில் ‘ரேகையின் தரம் குறைவு’ என்ற காரணம் இருக்கிறதா பாருங்கள். ரேகையின் கோடுகள் ஒப்பிடும் அளவுக்குத் தெளிவாக இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். உங்கள் ரேகையை யாரோ ஒரு குற்றவாளியின் ரேகையுடன் ஒப்பிட்டுச் சந்தேகப்பட்டார்கள் என்பதல்ல, ஒப்பிடவே முடியவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் உள்ள எஃப்பிஐயின் கணினி, படத்தின் தரம் போதாது என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறது. யார் விரல் என்று அது முடிவு செய்வதில்லை.

சூடு, தண்ணீர், பாத்திரம் கழுவும் இரசாயனம், வயது எல்லாமே ரேகையைத் தின்னும். கொத்தனார், செவிலியர், முடிதிருத்துபவர், சலவைக்காரர் என்று கையால் பிழைப்பவர்கள் பலருக்கும் இது நேர்கிறது. மருந்தும் காரணமாகலாம். கேப்சைடபின் என்ற புற்றுநோய் மருந்தை உட்கொண்டுவந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர், ரேகை அழிந்துபோனதால் 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டதை மருத்துவ இதழ் ஒன்றே பதிவு செய்திருக்கிறது. பிறவியிலேயே ரேகையில்லாத குடும்பங்களும் உண்டு. அந்தக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் ‘குடிவரவுத் தாமத நோய்’. நீங்கள் தனியாள் இல்லை.

குடிவரவு அலுவலகத்தில் கொடுத்த ரேகையைக் கேட்டிருந்தீர்கள். அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வேறொரு கிடங்கில், வேறொரு காரியத்துக்காக இருக்கிறது. டெக்சஸ் சட்டமோ, படிக்கவும் வகைப்படுத்தவும் கூடிய ரேகையை இந்த விண்ணப்பத்துடனேயே தர வேண்டும் என்கிறது. நாம் ‘அரசாங்கம்’ என்று ஒருமையில் சொல்வது இங்கே பல கடைகள். ஒரு கடையின் ரசீது இன்னொன்றில் செல்லாது. தாளில் மை வைத்து எடுக்கும் பழைய முறைக்குச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. ஆனால் அது மக்கள்தொகை 46,000 அல்லது அதற்குக் குறைவான மாவட்டத்தில், மின்னணு வசதியுள்ள இடத்திலிருந்து 25 மைலுக்கு அப்பால் வசிப்பவர்களுக்கு. டல்லாஸ் புறநகரில் இருக்கும் உங்களுக்கு அந்தச் சந்து அடைபட்டது.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தேய்த்தால் கோடு தெளிவாகாது, இன்னும் மழுங்கும். அதைவிட மோசம், வேண்டுமென்றே சிதைத்த விரல் எப்படி இருக்கும் என்பது ரேகை நிபுணர்களுக்குத் தெரியும். இப்போது வெறும் தேய்மானமாக இருப்பதை நீங்களே சந்தேகமாக மாற்றிவிடாதீர்கள்.

மௌனம் இங்கே சம்மதம் அல்ல

நண்பர் சொன்ன 60 நாள் கற்பனையில்லை. டெக்சஸ் அரசுச் சட்டத் தொகுப்பின் 411.177ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அவர் அதில் பாதியைத்தான் படித்திருக்கிறார், அதையும் தலைகீழாக.

முழுமையான விண்ணப்ப ஆவணங்கள் உரிய அதிகாரியிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் அந்த 60 நாள் தொடங்கும். ‘முழுமையான’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. படிக்க முடியாத ரேகையோடு நிற்கும் விண்ணப்பம் முழுமையானதல்ல என்றே துறை சொல்லும். அதாவது நீங்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரத்துக்கு இன்னும் சாவி கொடுக்கவே இல்லை.

சரி, ஆவணங்கள் முழுமையாக இருந்தன என்றே வைத்துக்கொள்வோம். 60 நாளுக்குள் துறை மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: உரிமம் தர வேண்டும், எழுத்தில் மறுக்க வேண்டும், அல்லது இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்று காரணமும் தேவைப்படும் காலமும் சொல்லி எழுத வேண்டும். அப்படிச் செயல்பட வேண்டிய நாளுக்குப் பிறகும் 30 நாளுக்கு மேல் உரிமமும் தராமல் மறுக்கவும் செய்யாமல் துறை இருந்தால், சட்டம் அந்த மௌனத்தை மறுப்பாகக் கொள்கிறது. நம் ஊர்ப் பழமொழிக்கு நேர் எதிர். பேசாமல் இருந்தால் உங்கள் கையில் கிடைக்கக்கூடியது உரிமமல்ல, மறுப்பு.

மறுப்பு வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் விசாரணை கேட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஜஸ்டிஸ் கோர்ட்டில், அதாவது சிறு வழக்குகளைக் கேட்கும் கீழ்மட்ட நீதிமன்றத்தில், வழக்கு வரும். மறுப்புக்கு ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். ஆனால் ‘ரேகை வந்து சேரவில்லை’ என்பதே காரணமாக இருந்தால் அங்கே போய் நாம் என்ன வாதாடுவது? ரேகைக்கு வழி தேடுவதுதான் மலிவு.

உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் கெடு: 90 நாள்

உங்களுக்கு யாரும் சொல்லாத கெடு ஒன்று இருக்கிறது. தரக்குறைவு காரணமாக ஒருவருடைய ரேகை இரண்டு முறை நிராகரிக்கப்பட்டால், ரேகைக்குப் பதிலாகப் பெயரை வைத்துக் குற்றப் பதிவுகளைத் தேடும்படி எஃப்பிஐயிடம் கேட்கலாம். பெயர்வழிச் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே உள்ள வழி அது. ஆனால் இரண்டாவது நிராகரிப்பு நடந்த 90 நாளுக்குள் அந்தக் கோரிக்கை போயாக வேண்டும். அதை நீங்கள் அனுப்ப முடியாது. துறைதான் அனுப்ப வேண்டும். உங்கள் கணக்கில் 40 நாள் போய்விட்டது, 50 மிச்சம். நண்பரின் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு மாதம் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதவும் சத்தமில்லாமல் சாத்தியிருக்கும். மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

இங்கே உங்கள் கடிதத்தில் ஒரு சின்ன விஷயம் எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது முறை வேறு மையத்துக்குப் போய்ப் ‘புதிதாகப் பணம் கட்டி’ கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ரேகை அனுப்பீட்டுக்கும் ஒரு பரிவர்த்தனை எண் உண்டு. இரண்டாவது அனுப்பீட்டில் முதலாவதன் எண்ணும் குறிக்கப்பட்டிருந்தால்தான் அது ‘மறு அனுப்பீடு’. குறிக்கப்படவில்லை என்றால், உங்கள் பார்வையில் இரண்டு நிராகரிப்பு. எஃப்பிஐயின் பார்வையில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முதல் நிராகரிப்பு. அப்படியானால் பெயர்வழிச் சோதனைக்கு இன்னும் தகுதி வரவில்லை. பழைய எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு முறை விரல் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு ரசீதுகளையும் தேடி எடுங்கள்.

பிறகு இந்த வாரத்துக்குள் டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் உரிமப் பிரிவுக்கு ஒரு கடிதம். நீளம் வேண்டாம், உருக்கமும் வேண்டாம். விண்ணப்ப எண், இரண்டு நிராகரிப்பின் தேதிகள், இரண்டு பரிவர்த்தனை எண்கள், ‘இரண்டாவது அனுப்பீடு மறு அனுப்பீடாகப் பதிவாகியிருக்கிறதா’ என்ற கேள்வி, ‘ஆகியிருந்தால் பெயர்வழிச் சோதனைக்குக் கோரிக்கை அனுப்புங்கள்’ என்ற வேண்டுகோள். சமையலறை வேலையால் விரல் நுனி தேய்ந்திருக்கிறது என்று தோல் மருத்துவரிடம் ஒரு சான்று வாங்க முடிந்தால் இணையுங்கள். அது ரேகைக்கு மாற்றல்ல, ஆனால் கோப்பைப் புரட்டுகிறவருக்குக் கதை புரியும். சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். துறை உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ஏதாவது கெடு குறிப்பிட்டிருந்தால், நான் சொன்ன கணக்கைவிட அதற்கே முதலிடம்.

பெயர்வழிச் சோதனையில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. நம் பெயர் ஒன்றல்ல. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், ஓட்டுநர் உரிமத்தில் முன்னால், வங்கியில் வெறும் தலைப்பெழுத்து; ‘ழ’ வந்தால் ஆவணத்துக்கு ஓர் எழுத்துக்கூட்டல். பெயரை வைத்துத் தேடும்போது இதெல்லாம் குழப்பும். அதே பெயருள்ள வேறொருவரின் வழக்கு உங்கள் தலையில் விழவும் கூடும். எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எல்லா வடிவங்களையும் விண்ணப்பத்தில் தந்துவிடுங்கள். மறைக்கிறீர்கள் என்று யாரும் நினைக்க இடம் வைக்காதீர்கள்.

உரிமம் வரும்வரை

ரசீதை உரிமம் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். அது வெறும் ரசீதுதான். அதே சமயம் நீங்கள் நினைப்பது போலக் கைகள் முழுக்கக் கட்டப்பட்டும் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிறைந்த, சட்டத்தால் தடுக்கப்படாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்திருந்து நடமாடலாம். கிரீன் கார்டு உள்ள உங்களுக்கும் அது பொருந்தும். சொந்தக் கடைக்குள் வைத்திருப்பது அதற்கு முன்பே சட்டப்படி செல்லும். காரில் வெளியே தெரியும்படி வைத்தால் உறைக்குள் இருக்க வேண்டும்.

பின் எதற்கு உரிமம்? வேறு மாநிலங்களுக்குப் போகும்போது பயன்படும், அடுத்த முறை வாங்கும்போது கடையில் உடனடிச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பார்கள். என் கணக்கில் அவை சில்லறை. நீங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தொடக்கப்பள்ளி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கூட்டரசின், அதாவது அமெரிக்க மைய அரசின், சட்டப்படி பள்ளியைச் சுற்றி 1,000 அடி துப்பாக்கியற்ற பகுதி. அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு; உரிமம் இல்லாமல் மாநிலச் சட்டத்தின் தயவில் வைத்திருப்பவருக்கு இல்லை. டெக்சஸ் அனுமதித்ததைக் கூட்டரசு அனுமதித்ததாகச் சட்டம் கொள்வதில்லை. ஆகவே உரிமம் வரும்வரை அந்தத் தெரு வழியாகப் போனால் குண்டுகளை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். நூறு பேரில் ஒருவரைக் கூட இதற்காகப் பிடிப்பதில்லை என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். அவர் குடிமகனாக இருந்தால் அப்படிச் சொல்லலாம். நீங்கள் சொல்ல முடியாது: சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தக் குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு.

இழுப்பறை

இப்போது அந்தக் கடைசி வரி. எச்-1பி என்பது தற்காலிக வேலைக்கான, குடியேற்றமல்லாத விசா. அந்த விசாவில் வந்தவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டத்தில் குற்றம். 2022 ஜூனில் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு உச்ச தண்டனை 15 ஆண்டு. ‘வைத்திருப்பது’ என்றால் இடுப்பில் செருகியிருப்பது மட்டுமல்ல. இழுப்பறையில் இருப்பது தெரியும், திறக்கச் சாவி இருக்கிறது, கடையில் அவர் மட்டும் இருக்கிறார் என்றால், அது அவருடைய கட்டுப்பாட்டில் இருந்ததாக அரசு வழக்கறிஞர் வாதிட அவ்வளவே போதும். தடுக்கப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதும் தனிக் குற்றம். அதில் மாட்டுவது நீங்கள். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்றோருக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. இணையத்தில் அதைத் தேடி எடுத்து யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். உணவகக் கல்லாவைக் காக்க அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. எச்-1பி விசாவில் இருப்பவர் விசாவுக்கு விண்ணப்பித்த நிறுவனத்துக்குத்தான் வேலை செய்யலாம். ‘மாமா கடையில் சும்மா உதவி, சம்பளம் இல்லை’ என்பதை அதிகாரிகள் எளிதில் ஏற்பதில்லை. சம்பளம் கொடுத்து வேறொருவரை வைக்க வேண்டிய வேலையை அவர் செய்தால், அது வேலைதான். அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு நாள் இந்த மாலைகளில் வந்து இடறும். உறவு முறையில் இதைச் சொல்வது கடினம் என்று தெரியும். அக்காவுக்குப் போன் செய்து நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் குடியுரிமை பற்றியும் ஒரு சொல். ரேகை படிக்க முடியாமல் உரிமம் கிடைக்கவில்லை என்பது குற்றமும் அல்ல, நன்னடத்தைக் குறைவும் அல்ல. ஆனால் இதே விரல்கள் அங்கேயும் தகராறு செய்யும். குடியுரிமை விண்ணப்பத்தில் ரேகை இரண்டு முறை வகைப்படுத்த முடியாமல் போனால், கடந்த 5 ஆண்டில் நீங்கள் வசித்த ஊர்களின் காவல்துறைச் சான்றுகளைக் கேட்பார்கள். இப்போதே எந்தெந்த முகவரியில் எப்போது இருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு அலைச்சல் குறையும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். இரவு பதினொரு மணிக்கு வசூலோடு தனியாக நடப்பதற்குத் துப்பாக்கிதான் மருந்து என்று நான் நம்பவில்லை. பல வங்கிகளில் இரவில் பணம் போடும் பெட்டி உண்டு. வசூலை மாலை ஏழு மணிக்கே ஒரு முறை அனுப்பிவிடலாம். உங்கள் மனைவியின் தூக்கத்துக்கு அதுவே விரைவான வழியாக இருக்கலாம். முடிவு உங்களுடையது.

மறுபடி விரல் வைக்க அழைப்பு வந்தால், அதற்கு முன் இரண்டு வாரம் விரல்களுக்கு ஓய்வு கொடுங்கள். இரவில் விரலில் நெய் தடவ வேண்டாம், மருந்துக் கடைக் களிம்பு போதும்; ஆனால் ரேகை எடுக்கும் அன்று எதுவும் பூசாதீர்கள். கைச்சுத்திகரிப்பு நீர்மம் தோலைக் காய வைக்கும், தவிருங்கள். பாத்திரம் தொட்டால் கையுறை. வீட்டில் கல்யாணம் என்று மருதாணி இட்டுக்கொள்ளாதீர்கள், கருவியைக் குழப்பலாம். எடுப்பவரிடம் விஷயத்தை முதலிலேயே சொல்லி, திரையில் கோடு தெளிவாக வரும்வரை ஒவ்வொரு விரலையும் திரும்ப உருட்டச் சொல்லுங்கள்; பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். தோசைக்கல்லை அந்த இரண்டு வாரமும் வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். அந்த வேறு யாரோ, உங்கள் அக்கா மகனாக இருக்க வேண்டாம்.